முன் வரிசை நாற்காலிகள்

ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற சமயம் அது. 2009. நான் சிங்கப்பூருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. வேலை முடிந்து அங் மோ கியோ ரயில் நிலையத்திலிருந்து நடந்து வருகிறேன், எங்கள் புளோக்கைத் தாண்டி இருக்கிற திடலில் பெரிய மேடை. கலர் விளக்குகள், காது கிழிகிற ஸ்பீக்கர், ஜிகினா உடையில் ஒரு பாடகி. ஊரில் திருவிழாவுக்குப் போடுகிற இன்னிசைக் கச்சேரி மேடையைப் பார்த்த மாதிரியே இருந்தது. கால் தானாக அங்கே திரும்பிவிட்டது.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பின்னால் இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள், ஆனால் முதல் வரிசை முழுக்கக் காலி. யாரோ முக்கியஸ்தர்களுக்கு வைத்திருப்பார்கள், வந்தால் எழுந்துகொள்ளலாம் என்று நினைத்துப் போய், ஓரத்து நாற்காலியில் கையை வைத்தேன்.

மணிக்கட்டை யாரோ பிடித்து இழுத்தார்கள். எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளிக் குடியிருக்கிற சீன ஆன்ட்டி. அதுவரை லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான். "தக் போலே, தக் போலே!" என்றார். மலாயில் போலே என்றால் 'கூடும்', தக் போலே என்றால் 'கூடாது'. இங்கே பழைய தலைமுறைச் சீனர்களும் தமிழர்களும் மலாய்க்காரர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டது இந்தச் சந்தை மலாயில்தான். ஆன்ட்டிக்குத் தெரிந்தது ஹொக்கியன் என்ற சீனக் கிளைமொழி, கொஞ்சம் மலாய், அதைவிடக் கொஞ்சமாக ஆங்கிலம். நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்திகளைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கிக் காற்றில் அலைத்துக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வரிசை ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது என்று சொல்கிறார்.

சீன நாள்காட்டியில் ஏழாவது மாதம். தமிழர்கள் இங்கே பேய் மாதம் என்று சொல்லிவிடுவோம், ஆனால் அந்தச் சொல்லில் மரியாதை குறைவு. நமக்கு ஆடி அமாவாசை எப்படியோ, அவர்களுக்கு அந்த மாதம் அப்படி. செத்துப்போனவர்கள் வீட்டைப் பார்க்க வருகிற காலம். அவர்களுக்குச் சோறு வைக்கிறார்கள், காகிதப் பணம் எரிக்கிறார்கள், பாட்டுக் கச்சேரியும் வைக்கிறார்கள். அந்தக் கச்சேரிக்குக் கெத்தாய் என்று பேர். முதல் வரிசை வந்திருக்கிற ஆவிகளுக்கு. உயிரோடு இருக்கிறவர்கள் இரண்டாவது வரிசையிலிருந்து உட்காரலாம். அன்றைக்கு ஆன்ட்டி எனக்கு இரண்டாவது வரிசையில் தன் பக்கத்திலேயே இடம் பிடித்துக் கொடுத்தார். இரவு பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது என்பதால் கச்சேரி முடிந்தது. சேர்ந்தே லிஃப்டில் ஏறினோம்.

அன்றிலிருந்து நான் இந்த ஊரின் விழாக்களைப் பார்க்கிற விதம் மாறிப்போனது. சுற்றுலாக் கையேடுகள் இங்கே நாலு இனம், நாலு மொழி, வருஷம் முழுக்கக் கொண்டாட்டம் என்று பக்கம் பக்கமாகப் படம் போடுகின்றன. படங்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சேர்ந்து வாழ்வது எப்படி நடக்கிறது என்பதை அந்தப் படங்களில் பார்க்க முடியாது. கையைப் பிடித்து இழுத்து, 'இங்கே உட்காராதே, இங்கே உட்கார்' என்று யாராவது சொல்கிற இடத்தில்தான் அது நடக்கிறது.

கெத்தாய் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே பாடுவது பெரும்பாலும் ஹொக்கியன், தியோச்சூ, கொஞ்சம் மாண்டரின். 1979-இல் 'மாண்டரின் பேசுவோம்' இயக்கம் தொடங்கியபின், சீனக் கிளைமொழிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் படிப்படியாக எடுக்கப்பட்டன. அடுத்த தலைமுறை மாண்டரினும் ஆங்கிலமும் பேசி வளர்ந்தது. ஆன்ட்டியின் பேரப்பிள்ளைகளுக்கு அவர் பேசுவதில் பாதிதான் புரியும். வருஷத்தில் ஒரு மாதம், செத்தவர்களுக்காகப் பாடுகிற மேடையில், உயிரோடு இருக்கிற கிழவிகளுக்கும் அவர்கள் சொந்த மொழி திரும்பக் கிடைக்கிறது. பாட்டுக்கு நடுவே பாடகி ஏதோ சொல்ல, கூட்டம் மொத்தமும் சிரிக்கும். பக்கத்தில் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். எனக்கு ஒரு சொல் புரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு தாய்மொழியைக் கேட்டவர்களின் சிரிப்பு, அது எனக்குத் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்கே வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 சதவீதம்தான். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 3.3 சதவீதமாக இருந்தது. ஆன்ட்டிக்கு நேர்ந்தது நமக்கு நேராது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

இரவு வாழ்க்கை என்றால் எல்லோரும் கிளார்க் கீ ஆற்றங்கரையைச் சொல்வார்கள். பாட்டு, மது, நடனம். போய்ப் பார்த்திருக்கிறேன், அழகுதான், ஆனால் அதைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. என் இரவுகள் பெரும்பாலும் உணவங்காடியில்தான் கழிந்திருக்கின்றன.

முன்பு தெருவோரத்தில் தள்ளுவண்டியிலும் கூடையிலும் விற்றவர்களை எழுபது எண்பதுகளில் கூரை, தண்ணீர், சாக்கடை வசதியோடு கட்டிய நிலையங்களுக்குள் கொண்டுவந்தார்கள். அப்படி உருவானவைதான் இந்த உணவங்காடி நிலையங்கள். தீவு முழுக்க நூறுக்கு மேல் இருக்கின்றன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மனித குலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தேத்தண்ணிக் கடை அண்ணன் வழக்கம்போலத் தேயை ஆற்றிக்கொண்டிருந்தார். "என்னண்ணே, உலகப் புகழ் ஆயிட்டீங்க" என்றேன். "அது சரி தம்பி, உனக்கு சீனி போடவா வேண்டாமா" என்றார்.

அங்கே ஒரு பானம் வாங்கிப் பாருங்கள், இந்த ஊரின் வரலாறே அதில் இருக்கும். எனக்குப் பிடித்தது "கோப்பி ஓ கோசோங் பெங்". கோப்பி மலாய். ஓ என்றால் ஹொக்கியனில் கறுப்பு, பால் வேண்டாம் என்று அர்த்தம். கோசோங் என்றால் மலாயில் வெறுமை, சீனி வேண்டாம். பெங் மறுபடி ஹொக்கியன், ஐஸ். இந்த இருமொழி வாக்கியத்தை நான் ஒரு தமிழ் அண்ணனிடம் சொல்கிறேன், அவர் ஒரு நொடி யோசிக்காமல் கலந்து தருகிறார். எங்கள் இரண்டு பேருக்கும் அது அந்நிய மொழியாகவே தோன்றியதில்லை.

சாப்பாடும் அப்படித்தான். தமிழ் முஸ்லிம் கடைக்காரர் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸான மீயை மலாய்க்காரர்களின் சம்பலோடு போட்டு, செக்கச் செவேல் என்று மீ கோரெங் கிண்டித் தருவார். இந்தியாவில் எந்த ஊரிலும் இந்த 'இந்திய' உணவு கிடையாது. மீன் தலைக் கறியின் கதையும் இதே மாதிரி. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர், சீன வாடிக்கையாளர்கள் மீன் தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, 1949 வாக்கில் அதை நம் புளிக்குழம்பில் போட்டு விற்றார் என்பது இங்கே பரவலாகச் சொல்லப்படுகிற வரலாறு. அடுத்தவர் தட்டில் என்ன மிஞ்சுகிறது, எதை விரும்பி உறிஞ்சுகிறார் என்று ஒருவர் கவனித்ததில் பிறந்த குழம்பு அது.

மேசையில் இடம் பிடிக்க ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் தொடமாட்டார்கள். சட்டம் எதுவும் இல்லை, ஆனால் மீறினால் முறைப்பார்கள். சாப்பிட்டபின் தட்டை நாமே எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டும், 2021-இலிருந்து அது சட்டப்படியே கட்டாயம். எங்கள் அங்காடியில் ஹலால் கடைத் தட்டுகளுக்கு ஒரு நிறம், மற்றவற்றுக்கு வேறு நிறம், திருப்பி வைக்கிற அலமாரிகளும் தனித்தனி. ஒரே மேசையில் நான் தோசையும், எதிரில் ஆன்ட்டி பன்றியிறைச்சி போட்ட வாண்டான் மீயும், பக்கத்தில் என் மலாய் நண்பர் நாசி பாடாங்கும் சாப்பிடுவோம். எழுந்திருக்கும்போது தட்டுகள் மட்டும் பிரிந்து போகும். முதலில் எனக்கு இது ஒரு மாதிரியாக இருந்தது. சேர்ந்து சாப்பிட்டபின் எதற்குப் பிரிக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு புரிந்தது, தட்டைப் பிரித்து வைப்பதால்தான் நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார முடிகிறது.

ரமதான் மாதத்தில் கேலாங் சிராய் சந்தைக்கு அந்த நண்பரோடு போவேன். சாயங்காலம் ஆறரைக்கே கூட்டம் தோளோடு தோள் உரசும். ராம்லி பர்கரின் முட்டை வாசனை மூக்கைத் துளைக்கும். கையில் வாங்கியாயிற்று, ஆனால் நண்பர் நோன்பு. நானும் பிரிக்காமல் வைத்திருப்பேன். யாரும் என்னைக் காத்திருக்கச் சொல்லவில்லை, அவர்கூட "நீ சாப்பிடு" என்பார். ஏழு மணி தாண்டிப் பாங்கு ஒலிக்கும். அந்த நொடியில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பொட்டலத்தைப் பிரிக்கிற சரசரப்பு இருக்கிறதே, அதைக் கேட்கிறதுக்காகவே ஒருமுறை அங்கே போகலாம்.

கோயில் தெருக்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே ஒன்று மட்டும். புகிஸ் பக்கம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் இம் கோயிலும் நம் கிருஷ்ணன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில். குவான் இம்மைக் கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் கிருஷ்ணன் கோயில் வாசலிலும் நின்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். கோயில்காரர்கள் அவர்களுக்காக வாசலில் ஊதுவத்திச் சட்டியே வைத்திருக்கிறார்கள். இது யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்த நல்லிணக்கமாக எனக்குத் தெரியவில்லை. சும்மா தாண்டிப் போக மனசு வராமல் பழகிப்போன ஒன்று.

தைப்பூசம் மட்டும் எனக்கு வேறு. அன்றைக்கு நான் பார்க்கிறவன் இல்லை, நடக்கிறவன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் பால்குடம் எடுத்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேல். 1968-இல் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து தைப்பூசம் எடுக்கப்பட்டுவிட்டதால் ஒவ்வொரு வருஷமும் விடுப்பு சொல்லித்தான் போகிறேன். 1973-இலிருந்து ஊர்வலத்தில் வாத்தியம் கூடாது என்று இருந்தது, நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து 2016-இல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. உருமி மேளம் காதில் விழுந்ததும் கால் வலி போன இடம் தெரியவில்லை என்று எனக்கு முன்னால் நடந்த ஒரு பெரியவர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்த வரிசையில் சீனர்களும் காவடி எடுக்கிறார்கள், பால்குடம் சுமக்கிறார்கள். என் பக்கத்தில் நடந்த ஒருவர், தடுமாறுகிறவர்களுக்கெல்லாம் "வேல் வேல்" சொல்லித் தைரியம் கொடுத்துக்கொண்டே வந்தார். அவர் வாயில் அந்த 'ல்' கொஞ்சம் வேறு மாதிரி ஒலித்தது. முருகனுக்குக் கேட்டிருக்கும்.

இனி, என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

சாப்பாட்டில் கலந்துவிட்டோம், தெருவிலும் கோயில் வாசலிலும் கலந்திருக்கிறோம். கலையில் இன்னும் தனித்தனி வீடாகத்தான் இருக்கிறோம். முள் முள்ளாக இருக்கிற கூரையால் டுரியான் பழம் என்று எல்லோரும் செல்லமாகக் கூப்பிடுகிற எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 அக்டோபரில் திறந்தது. எனக்கு மிகவும் பிடித்த கட்டடம். அங்கே சீனர்களுக்கு ஹுவாயி விழா, மலாய்க்காரர்களுக்குப் பெஸ்தா ராயா, இந்தியர்களுக்குக் கலா உற்சவம். மூன்றுமே அருமையானவை, வருஷா வருஷம் உழைத்து நடத்துகிறார்கள். இந்த விழாக்கள் இல்லாவிட்டால் சிறிய சமூகங்களின் கலைக்கு அவ்வளவு பெரிய மேடை கிடைத்திருக்காது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் கேட்பது மேடைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிற நம்மை. கலா உற்சவத்தில் பரதநாட்டியம் பார்க்கப் போனால் தெரிந்த முகங்களாகவே இருக்கின்றன, கச்சேரிக்குப் போன மாதிரி. ஹுவாயி நாடகத்துக்கு ஒருமுறை டிக்கெட் எடுத்துப் போனேன், மாண்டரின் வசனத்துக்கு ஆங்கிலத்தில் மேலெழுத்து ஓடியது, நன்றாகவே புரிந்தது. இடைவேளையில் சுற்றிப் பார்த்தேன், நம் ஆட்கள் ஒருவரும் கண்ணில் படவில்லை. இங்கே தமிழ் நாடகங்களுக்கும் பெரும்பாலும் ஆங்கில மேலெழுத்து போடுகிறார்கள். அதைப் படிக்கிறதுக்கு வருகிறவர்கள் எத்தனை பேர்?

குவோ பாவ் குன் என்று ஒரு நாடக ஆசிரியர் இங்கே இருந்தார். 2002-இல் காலமானார். 1988-இல் அவர் மேடையேற்றிய ஒரு நாடகம், பூனையைத் தேடிப் போகும் ஒரு தாயைப் பற்றியது. ஆங்கிலம், மாண்டரின், ஹொக்கியன், தமிழ், மலாய் என்று பல மொழிகள் ஒரே மேடையில் பேசப்பட்டன, சிங்கப்பூர் நாடக வரலாற்றில் அது ஒரு திருப்பம். அந்தத் தாய்க்கு ஹொக்கியன்தான் தெரியும். பிள்ளைகள் வேறு மொழிகளுக்குப் போய்விட்டார்கள், அம்மாவோடு பேச்சு அறுந்துவிட்டது. வழியில் அவள் ஒரு கிழவரைச் சந்திக்கிறாள். அவரும் தன் பூனையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பேசுவது தமிழ். அவள் ஹொக்கியனில் சொல்ல, அவர் தமிழில் சொல்ல, கையால் வாலைக் காட்டி, மியாவ் என்று கத்தி, இரண்டு பேரும் ஒருவரையொருவர் முழுசாகப் புரிந்துகொள்கிறார்கள். பெற்ற பிள்ளைகளிடம் நடக்காத பேச்சு, முன்பின் தெரியாத தமிழ்க் கிழவரிடம் நடக்கிறது.

அந்த நாடகத்தை நான் மேடையில் பார்த்ததில்லை, படித்துத் தெரிந்துகொண்டதுதான். படித்த அன்று புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்றேன். மூன்று கதவு தள்ளி ஆன்ட்டி செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம், ஞாயிற்றுக்கிழமை தேக்காவை, அதாவது லிட்டில் இந்தியாவைப் பார்த்திருப்பீர்கள். கட்டுமான வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் வந்த நம் தம்பிகளும் வங்காளதேசத்துத் தம்பிகளும் வாரத்தின் ஒரே ஓய்வு நாளில் அங்கே கூடுவார்கள். புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார்கள். இவர்களுக்கு விழா, இரவு, விருந்து எல்லாம் அந்தச் சில மணி நேரம்தான். 2014-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கான கவிதைப் போட்டி ஒன்று இங்கே தொடங்கியது. பகலெல்லாம் கம்பி கட்டியவர்கள் மேடை ஏறித் தங்கள் மொழியில் கவிதை வாசித்தார்கள். இந்த ஊரின் கலை நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை முதல் வரியில் போட வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

போன முறை கலா உற்சவம் நடந்தபோது, நீர்ப்பரப்பைப் பார்த்திருக்கிற வெளியரங்கில் நாதஸ்வரமும் தவிலும் என்று அறிவித்திருந்தார்கள். இலவசம். ஆன்ட்டி வீட்டுக் கதவைத் தட்டினேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், வாயருகே இரண்டு கையையும் நீட்டி வைத்து ஊதிக் காட்டினேன், பிறகு என் தொடையில் தவில் அடித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் பூப்போட்ட நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். இப்போது அவருக்கு எண்பது ஆகப்போகிறது, முழங்கால் வலி. ரயிலில் என் கையைப் பிடித்தபடியே வந்தார்.

சீக்கிரமே போய்விட்டோம். கூட்டம் பின்வரிசைகளில்தான் உட்கார்ந்திருந்தது. முன் வரிசை முழுக்கக் காலி. ஆன்ட்டி அங்கே வந்ததும் நின்றுவிட்டார். அந்த வரிசையைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், ஓரமாகப் புகைந்துகொண்டிருந்த சாம்பிராணியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, அன்றைக்கு என்னைப் பிடித்து இழுத்த அதே கையால் நாற்காலியைச் சுட்டி, மெல்லக் கேட்டார்.

"போலே?"

"போலே, ஆன்ட்டி. உட்காருங்க" என்றேன்.

கைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலம் ஒன்றை எடுத்துப் பக்கத்து நாற்காலியில் வைத்தார், எனக்கு. நான் தண்ணீர் வாங்கி வருவதற்குள் தவில் ஆரம்பித்துவிட்டது.